சாஸ்தா கோயிலுக்குப் போக ஒரு வேன்: வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்களுக்குப் பங்குனி உத்திரம் என்றால் குலதெய்வமான சாஸ்தாவின், அதாவது அய்யனாரின், கோயில்தான். சென்னையிலும் மும்பையிலும் பிழைக்கப் போன பங்காளிகள்கூட அன்று ஏதாவது ஒரு குளத்தங்கரையில் வந்து கூடிவிடுவார்கள். அன்று விடியற்காலையில் வீட்டு வாசலில் நின்று தலைகளை எண்ணிப் பார்த்து, இரண்டு கார்களில் ஆட்களே அடங்கவில்லை, பொங்கல் பானையை எங்கே வைப்பது என்று எல்லோரும் விழித்துக்கொண்டிருக்கும்போது, "பேசாம நாமளே ஒரு வேன வாங்கிப் போட்டா என்னலே?" என்று ஒரு சித்தப்பா ஆரம்பித்து வைப்பார். எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒரு சித்தப்பா இருக்கிறார். அவருக்கான பதிலைத்தான் இந்தக் காணொளியில் பார்க்கப் போகிறோம்.

சட்ட விவரங்களை வேகமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன், கொட்டாவி விடாமல் கேளுங்கள். சொந்த உபயோகத்துக்கு வெள்ளை போர்டு, வாடகைக்கு ஓட்டுவதற்கு மஞ்சள் போர்டு. ஓட்டுநர் நீங்கலாக 6 பேருக்கு மேல் 12 பேர் வரை ஏற்றி வாடகைக்கு ஓடும் வண்டியை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மேக்சி கேப் என்கிறது. வெள்ளை போர்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். மஞ்சள் போர்டு வண்டிக்கோ முதல் 8 ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டியாக வேண்டும். "சும்மா நிற்கிற நாள்களில் வெள்ளை போர்டு வண்டியையே தெரிந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல்: வழியில் விபத்து நேர்ந்தால், சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த காப்பீட்டை வைத்துக்கொண்டு நீங்கள் இழப்பீடு கேட்கும்போது, நிறுவனம் கையை விரித்துவிட வாய்ப்பு உண்டு. டீசல் காசு மட்டும்தான் வாங்கினோம் என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

(காட்சி: கோயில் வாசலில் வேப்பமரத்தடியில் அருகருகே நிற்கும் இரண்டு வேன்கள்)

இந்த இரண்டில் ஒன்று, நாம் டெம்போ டிராவலர் என்று சொல்லும் வண்டி. மற்றது டாடா விங்கர். டெம்போ என்பது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து வாகன நிறுவனம் ஒன்றின் பெயர். அதனோடு கூட்டுச் சேர்ந்து 1958இல் உருவானதே பஜாஜ் டெம்போ. அந்த நிறுவனம் 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டு 20 ஆண்டுகள் ஆகியும், திசையன்விளையிலோ ஆலங்குளத்திலோ "ஃபோர்ஸ் டிராவலர் கிடைக்குமா?" என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. 1987இல் இங்கே வந்த அந்த டிராவலரின் மூலவடிவம், பிரேமன் நகரில் 1977 முதல் தயாரான மெர்சிடிஸ் வேன். 2007இல் வந்த விங்கரோ பிரான்சின் ரெனோ நிறுவனத்தார் 1980இல் வெளியிட்ட டிராஃபிக் என்ற வேனின் வழிவந்தது. ஆக, நம் சாஸ்தா கோயில் வாசலில் ஒரு ஜெர்மானியரும் ஒரு பிரெஞ்சுக்காரரும் பொங்கல் வாங்கக் காத்து நிற்கிறார்கள்.

பூர்விகத்தை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டிராவலரில் எஞ்சின் பின்சக்கரங்களைச் சுழற்றுகிறது. விங்கரில் முன்சக்கரங்களைச் சுழற்றுகிறது. முன்சக்கரங்களே வண்டியை இழுப்பதால், விங்கரின் தரைக்கு அடியில் பின்னோக்கி நீண்டு செல்லும் சுழல்தண்டு தேவையில்லை. அதனால் தரையைத் தாழ்வாக அமைக்க முடிகிறது. முழங்கால் வலியுள்ள ஆச்சி ஒருவர், யாரும் கைத்தாங்கலாகப் பிடிக்காமல் ஏறி உட்கார முடிகிறதா என்பதை விளம்பரத் துண்டறிக்கை சொல்லாது. என்னைக் கேட்டால், ஷோரூமுக்கு மாப்பிள்ளையை அழைத்துப் போவதைவிட ஆச்சியை அழைத்துப் போவது நல்லது.

ஆனால் ஆள் நிறைந்து ஏற்றத்தில் போகும்போது கதை மாறுகிறது. பாரமெல்லாம் பின்பக்கம் சாய்வதால் முன்சக்கரங்களின் பிடி குறைகிறது, பின்சக்கரங்களின் பிடி கூடுகிறது. சாரல் நனைத்த சாலையில், செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை வளைவுகளில் ஏறும்போதும், திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலில் ஒதுங்கியிருக்கும் அய்யனார் கோயில்களுக்குப் போகும்போதும், முழுப் பாரத்தோடு இருக்கும் வண்டிகளில் ஜெர்மானியருக்கே என் வாக்கு. ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பினால் நிலைமை தலைகீழ். அப்போது எஞ்சினின் எடை முன்சக்கரங்களின் மேல் அமர்ந்து பிரெஞ்சுக்காரருக்குக் கைகொடுக்கும். ஆனால் வெறும் வண்டி ஓட்டுவதற்காக யாரும் வேன் வாங்குவதில்லை.

இரண்டுக்கும் பொதுவான குறை கடைசி இருக்கை. அது பின் அச்சுக்கும் பின்னால் தொங்கிக்கொண்டிருப்பதால், வேகத்தடையில் ஓட்டுநர் லேசாக அசையும்போது கடைசி வரிசையில் இருப்பவர் கூரையைத் தொட்டுவிட்டு வருவார். எங்கள் வீட்டில் அந்த இடம் பல ஆண்டுகளாக எனக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது என்பதால் அனுபவித்தே சொல்கிறேன். வண்டியை ஓட்டிப் பார்க்கும் அன்று நீங்களும் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்.

காற்றையும் மறந்துவிடக் கூடாது. ஆனி, ஆடி மாதங்களில் பணகுடியைத் தாண்டிக் காவல்கிணறு, முப்பந்தல் வழியாக நாகர்கோவிலுக்குப் போனவர்களுக்கு, அங்கே காற்றாலைகள் ஏன் அத்தனை நிற்கின்றன என்பது ஸ்டீயரிங்கைப் பிடித்த கையிலேயே தெரிந்திருக்கும். உயரமான கூரையுள்ள வேன், பக்கவாட்டில் அடிக்கும் காற்றுக்கு ஒரு பாய்மரம்போல. லாரியின் மறைவில் போய்க்கொண்டிருந்துவிட்டு அதை முந்தி வெளியே வரும் நொடியில் வண்டியை யாரோ தோளால் இடித்ததுபோல இருக்கும். மேலே கேரியரில் அண்டாவையும் அரிசி மூட்டையையும் கட்டியிருந்தால் ஆட்டம் இன்னும் கூடும். ஆகவே கனமான பொருள்களை உள்ளே, தரையில் வையுங்கள்.

ஏழு பேருக்குள் அடங்கும் குடும்பம் வேன் பக்கமே வர வேண்டாம், எர்டிகாவோ இன்னோவாவோ போதும். ஃபோர்ஸ் நிறுவனத்தின் இன்னொரு வேனான அர்பேனியா சொகுசானது, விலையும் அப்படியே.

தொழிலுக்காக வாங்குபவர்கள் இருக்கையை எண்ணுவதற்கு முன் நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் வேன் ஓடுவது டீசலால் மட்டுமல்ல, திருவிழாக்களாலும்தான். தையில் கல்யாணம், பங்குனியில் சாஸ்தா கோயில், சித்திரையில் பள்ளி விடுமுறை, வைகாசியில் திருச்செந்தூர் விசாகம். ஆடியில் கல்யாணம் இல்லையென்றாலும் குற்றாலம் காப்பாற்றும். மார்கழியில் கல்யாணம் இல்லையென்றாலும் ஐயப்பன் காப்பாற்றுவார். புரட்டாசியில்தான் வண்டி நிற்கும், ஆனால் வங்கித் தவணை நிற்காது. ஒரு பள்ளியையோ நிறுவனத்தையோ மாத ஒப்பந்தத்தில் பிடித்து வைத்திருப்பவர்கள் மட்டும் அந்த மாதத்தில் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

இப்போது சித்தப்பாவிடம் வருவோம். உங்கள் வீட்டில் பத்துப் பேருக்கு மேல் சேர்ந்து பயணம் போன நாள்கள் கடந்த ஆண்டில் எத்தனை என்று விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள். இரண்டு கை விரல்களுக்குள் அடங்கினால் வாடகை வேன்தான் சரி. ஆனால் பங்குனி உத்திரத்து வண்டியை மாசியிலேயே முன்பணம் கொடுத்துப் பிடித்துவிடுங்கள். கால் விரல்களையும் சேர்த்து எண்ண வேண்டியிருந்தால், ஆச்சியோடு ஷோரூமுக்குக் கிளம்புங்கள். உங்கள் வீட்டில் கடைசி இருக்கை யாருக்கு என்பதைக் கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.