பற்று வரவு நோட்டும் தேவகிருபையும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் இருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காவுக்கும், இந்த மழையிலும் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள தலாவிலிருந்து படகேறி வந்திருக்கிற சபையாருக்கும் ஸ்தோத்திரம்.

நம் அறுப்பின் பண்டிகைப் பட்டிமன்றத் தலைப்பு, 'ஆவிக்குரிய வாழ்க்கையைத் தாங்கி நடத்துவது தேவகிருபையா, நம்முடைய முயற்சியா?' கிருபையே என்ற அணியில் நான் நிற்கிறேன். சீட்டுக் குலுக்கி எனக்கு இந்தப் பக்கம் விழவில்லை. நானே போதகரிடம் கேட்டு வாங்கினேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் நன்றாகவே பேசினார். யாங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கின கையோடு நம் தாத்தாமார் ஆலயத்துக்குச் செங்கல் சுமந்ததைச் சொன்னார். விசுவாசம் 'கிரியைகளில்லாதிருந்தால் தன்னிலேதானே செத்ததாயிருக்கும்' என்ற யாக்கோபின் வார்த்தையை எடுத்து வைத்தார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் முடிக்கும்போது, "உழைக்கிறவனுக்குத்தானே தேவன் கூலி கொடுப்பார்?" என்றார். அந்த ஒரு சொல்லை நான் சும்மா விட முடியாது. இந்த ஊர்த் தமிழர் யாருமே விட முடியாது. கூலி என்றால் என்னவென்று நம் வீடுகளுக்குத் தெரியும்.

இதோ, ஒரு நோட்டு கொண்டுவந்திருக்கிறேன். என் கொள்ளுத்தாத்தாவுடையது. சிவப்புத் துணி அட்டை, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. அவர் சென்னையில் கப்பல் ஏறி, மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து, அப்போது ரங்கூன் என்றிருந்த இந்த ஊருக்கு வந்து, பசுண்டாங் அரிசி ஆலையில் ஒரு மேஸ்திரியின் கீழ் வேலைக்குச் சேர்ந்தவர். கப்பல் கட்டணத்தை மேஸ்திரி முன்பணமாகக் கொடுப்பார், பிறகு கூலியில் பிடித்துக்கொள்வார். அப்படித்தான் அந்தக் காலத்தில் ஆள் சேர்த்தார்கள். நோட்டின் பற்றுப் பக்கத்தைப் பாருங்கள். கப்பல் கட்டணம். ஒரு பாய். ஒரு போர்வை. 'காய்ச்சல், 7 நாள் சாப்பாடு.' காய்ச்சலில் படுத்ததுகூட அவர் பேரில் கடனாக ஏறியிருக்கிறது. வரவுப் பக்கத்தில் கூலி. மாதாமாதம் கூட்டிப் பார்த்திருக்கிறார். மாதாமாதம் பற்றுதான் ஓங்கி நிற்கிறது.

ரோமருக்கு எழுதின நிருபம் நாலாம் அதிகாரத்தில் பவுல் சொல்கிறார்: 'கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்.' கூலி, கிருபை, கடன் மூன்றும் ஒரே வசனத்தில். கூலி என்பது முதலாளி பட்ட கடன், அதை வாங்குகிறவன் நன்றி சொல்ல வேண்டியதில்லை. அப்படியானால், "நாற்பது நாள் உபவாசம் இருந்தேன், என் ஜெபத்துக்குப் பதில் எங்கே?" என்று கேட்கிறபோது நான் என்ன செய்கிறேன்? வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரை எனக்குக் கடன்காரராக்கிப் பார்க்கிறேன். அப்புறம் ஒரு நாள் என் கணக்கு குறைந்துபோகும். ஜெபிக்காமல் தூங்கிவிடுவேன், கோபத்தில் கத்திவிடுவேன். அன்றைக்கு நோட்டு திரும்பிக்கொள்ளும். நான் கடனாளி. கணக்கு வைத்தவனுக்கு ஒரு நாள் பெருமை, மறுநாள் பயம், இரண்டைத் தவிர வேறு நாளே கிடையாது.

இந்த நோட்டு 1941 டிசம்பரோடு நின்றுபோகிறது. அந்த மாதம் 23ஆம் தேதி ரங்கூனில் குண்டு விழுந்தது. அதன் பிறகு லட்சக்கணக்கானோர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் இந்தியாவுக்கு நடந்தே போனது உங்கள் வீடுகளிலும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மேஸ்திரியும் போய்விட்டார். கொள்ளுத்தாத்தா போகவில்லை, மனைவி நிறைமாதம். அதற்குப் பிறகு அவர் செய்ததை என் பாட்டி சொல்வார். ஒரு பிஸ்கட் டின்னில் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் போட்டுக்கொண்டே இருந்தாராம். "மேஸ்திரி திரும்பி வந்தால் கேட்பார்" என்பாராம். ஜப்பான்காரர் காலத்தில் ஜப்பான் நோட்டாகப் போட்டார். சண்டை முடிந்ததும் அந்த நோட்டு செல்லாது என்றாகிவிட்டது. டின் நிறையக் காகிதம்! கேட்கிறவர் இல்லாத கடனுக்கு, செல்லாத பணத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தார் பாவம்.

அவரையாவது விட்டுவிடலாம், கடன் தீர்ந்துவிட்டது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நமக்குச் சொல்லியாயிற்றே! 'நமக்கு விரோதமாகவும் இருந்த கையெழுத்தைக் குலைத்து' சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்று கொலோசெயர் நிருபத்தில் இருக்கிறதே. கையெழுத்து என்று அங்கே சொல்வது கடன் சீட்டை. நம் பேச்சில் சொன்னால் புரோநோட்டு. மேஸ்திரி ஓடிப்போனதால் கடன் நின்றுபோனதுபோல அல்ல. கடன் கொடுத்தவரே தம் இரத்தத்தால் கட்டித் தீர்த்தார். அதன் பிறகும் நான் டின்னில் காசு போட்டால் அது பக்தியா, அவிசுவாசமா? நடுவர் ஐயா யோசிக்க வேண்டும்.

சரி, முயற்சிக்கு மாதிரி என்று அண்ணன், அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயரைக் காட்டினார். 1813இல் ரங்கூனில் வந்து இறங்கினார், முதல் பர்மிய விசுவாசிக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819இல். ஆறு வருஷம். அந்த மனிதரின் உழைப்புக்கு முன்னால் நான் தலைகுனிகிறேன். ஆனால் உழைப்புதான் ஆத்துமாக்களைப் பிறப்பிக்கும் என்றால், அந்த ஆறு வருஷம் ஏன் வெறுங்கையாகப் போனது? 'நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்' என்ற வசனத்தைத்தான் அந்த வருஷங்களுக்குப் பக்கத்தில் நான் எழுதுவேன்.

ஜட்சன் ஐயரைச் சொன்னவர் கோ தா ப்யூவை ஏன் விட்டார்? கரேன் இனத்தவர். கொள்ளைக்காரர். முப்பது பேர் வரை கொன்றிருக்கிறார் அல்லது கொலைக்குத் துணைபோயிருக்கிறார் என்பது அவரே ஒத்துக்கொண்டதாக எழுதி வைத்திருக்கிறார்கள். கடன் கட்ட முடியாமல் அடிமையாக நின்றவரை, அந்தக் கடனைக் கட்டி மீட்டார்கள். 1828 மே 16ஆம் தேதி தவாயில் ஞானஸ்நானம் பெற்றார். பிறகு 1840இல் சாகும்வரை மலைமலையாக ஏறி தன் ஜனத்துக்குச் சுவிசேஷம் சொன்னார். இந்த நாட்டுக் கரேன் சபைகளின் கதை அவரை விட்டு ஆரம்பிக்காது. அந்த மனிதரின் வரவுப் பக்கத்தில் என்ன இருந்தது? ஒன்றுமே இல்லையே! அவருக்காக ஒருவர் கடன் கட்டினார், அவ்வளவுதான். அப்படி மீட்கப்பட்டவர் சோம்பேறியாக உட்கார்ந்தாரா? கிருபை என்று சொன்னால் ஆட்கள் சோம்பேறி ஆவார்கள் என்று பயப்படுகிற அண்ணன், அந்த மலைப்பாதைகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

யாக்கோபின் வசனத்துக்கும் என் பதில் அதுதான். உயிருள்ள பிள்ளை அழும், பால் குடிக்கும், கைகால் உதைக்கும். உதைத்ததனால் பிறக்கவில்லை. எதிரணி அக்கா 'உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்' என்று பிலிப்பியரிலிருந்து வாசித்தார். அக்கா, ஒரு வசனம் கூட வாசித்திருக்கலாம். 'தேவனே தம்முடைய தயவுள்ள சித்தத்தின்படி விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவராயிருக்கிறார்.' செய்கை மட்டுமல்ல, செய்ய வேண்டும் என்ற ஆசையே அவர் கொடுப்பது.

கெட்ட குமாரன் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. தகப்பனிடம் வாங்கின சொத்தையெல்லாம் அழித்துவிட்டு, பன்றிகளின் நடுவே உட்கார்ந்து அவன் ஒரு பேச்சைத் தயார் பண்ணுகிறான்: பாவம் செய்தேன், குமாரன் என்று சொல்லப்பட நான் பாத்திரனல்ல, 'உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்.' வீட்டுக்கு வருகிறான், தகப்பன் ஓடி வந்து கட்டிக்கொள்கிறார். பேச்சைத் தொடங்குகிறான். பாத்திரனல்ல என்பதுவரை வருகிறான். கூலிக்காரன் என்ற வரி வரவே இல்லை! லூக்கா 15, பத்தொன்பதாம் வசனத்தையும் இருபத்தோராம் வசனத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த வரிக்கு முன்னாலேயே தகப்பன் அங்கி கொண்டுவரச் சொல்லிவிட்டார். அந்த வீட்டில் மகனுக்குக் கூலி கிடையாது. ஆவியானவர் நமக்குள் வந்து நம்மைக் கூப்பிட வைக்கிற வார்த்தையும் அதுதான், 'அப்பா பிதாவே.' இயேசு பேசின அராமிய மொழியின் வார்த்தை அப்பா. பல மொழிக்காரர்கள் அதற்கு அர்த்தம் தேட வேண்டும். நமக்கு வேண்டாம், நம் வீட்டில் பிள்ளை கூப்பிடுகிற வார்த்தை.

இப்போது, இந்தப் பக்கத்தை நான் ஏன் கேட்டு வாங்கினேன் என்பது. என் மாமியார் பக்கவாதம் வந்து நாலு வருஷம் படுக்கையில் இருந்தார். கொழுந்தன் மோல்மீனில் இருந்தார், வரவும் இல்லை, பணம் அனுப்பவும் இல்லை. நான் ஒரு கணக்கு வைத்தேன். மாமியார் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரில் மருந்துக்கு எவ்வளவு, டாக்டருக்கு எவ்வளவு, இரவில் எத்தனை தடவை எழுந்தேன் என்று கோடு கோடாகப் போட்டு வைத்தேன். ஒரு நாள் கொழுந்தன் முகத்துக்கு முன்னால் நீட்ட வேண்டும் என்றுதான். அது லெந்து காலம். நாற்பது நாள் உபவாசம் எடுத்திருந்தேன். அதற்கும் அதே காலண்டரில் வட்டம்.

முப்பத்திமூன்றாம் வட்டம் போட்ட அன்று காலை. வெந்நீரில் துணி நனைத்து அவர் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாய் கோணி, குழறிக் குழறித்தான் பேசுவார். என் கையைப் பிடித்து, "உனக்கு ரொம்பக் கடன்பட்டுட்டேன்மா" என்றார். கண்ணால் காலண்டரைக் காட்டினார். நாள் முழுக்க அவர் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை, நடுவர் ஐயா. என் கோடுகளைத்தான் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.

பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்டவன், நூறு வெள்ளிப்பணத்துக்காகக் கூட வேலை செய்தவனின் தொண்டையைப் பிடித்தான் என்று இயேசு சொன்னாரே. ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஆறு கோடி நாள் கூலி அவனுக்கு விடப்பட்டது. லீவே இல்லாமல் உழைத்தாலும் ஒரு லட்சத்து அறுபதாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும். அந்தக் கதையைப் பத்து வருஷம் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தவள் நான்.

அண்ணனிடம் கேட்கிறேன். என் முயற்சி அதன் உச்சத்தில் இருந்த நாள் அது. முப்பத்திமூன்று நாள் உபவாசம், நாலு வருஷப் பணிவிடை, ஒரு நாள் தவறாத அதிகாலை ஜெபம். அத்தனையும் சேர்ந்து எனக்குள் ஒரு துளி அன்பைக் கொண்டுவரவில்லை, கோடுகளைத்தான் கொண்டுவந்தது. 'ஆவியினாலே ஆரம்பம்பண்ணின நீங்கள் இப்பொழுது மாம்சத்தினாலே முடிவுபெறப்போகிறீர்களோ?' என்று கலாத்தியரைக் கேட்ட கேள்வி, அந்த ஈரத் துணியோடு நின்ற என்னைப் பார்த்துக் கேட்டது. நான் எதையும் தீர்மானிக்கவில்லை, பொருத்தனை பண்ணவில்லை. ஆண்டவரே என்னால் முடியவில்லை என்று அழுதேன், அவ்வளவுதான். அழுகை நின்றபோது அந்த அம்மாள்மேல் எனக்கு இரக்கம் வந்திருந்தது. அது என்னுடையதல்ல. நாலு வருஷமாகத் தேடியும் அது என்னிடம் இருந்ததில்லை.

காலண்டரைக் கழற்றினேன். வேலை ஒன்றும் குறையவில்லை. அன்றைக்கு இரவும் எழுந்தேன். எத்தனை தடவை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கொழுந்தனுக்கு போன் பண்ணி, பணத்தைப் பற்றிப் பேசாமல், அம்மா உங்களைத் தேடுகிறார் என்று மட்டும் சொன்னேன். அடுத்த வாரம் பஸ் ஏறி வந்தார்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, முடித்துக்கொள்கிறேன். கொள்ளுத்தாத்தாவின் நோட்டை உங்கள் மேசையில் வைக்கிறேன். கடைசிப் பக்கத்தில் பென்சிலில் 'பாக்கி ரூ. 41' என்று எழுதியிருக்கும். எழுத்து மங்கிப்போயிருக்கிறது, விளக்குப் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.