அரசுப் பள்ளியில் முந்திப் படிக்கும் குழந்தை: எட்டாம் வகுப்புக்கு முன் என்ன செய்வது?

(திரையில்: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஒரே அறையில் இரண்டு வகுப்புகள்.)

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, அறையின் மறுபக்கம் ஐந்தாம் வகுப்புக்கு நடக்கும் பின்னக் கணக்கைக் காதில் வாங்கிக்கொண்டு, பெரிய பிள்ளைகள் யோசித்து முடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "நீ உன் பாடத்தைப் பாரும்மா" என்கிறார் ஆசிரியர். வீட்டிலோ, இவளை எந்தத் தனியார் பள்ளியில் சேர்க்கலாம் என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. அந்த முடிவுக்குப் போகும் முன், இருக்கும் அரசுப் பள்ளியிலேயே என்ன கிடைக்கும், எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்று பார்ப்போம்.

எல்லாப் பாடத்திலும் முதலிடம் பிடிக்கும் குழந்தையும், ஏதோ ஒன்றில் வயதை மீறி ஓடும் குழந்தையும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கும்பகோணத்தில் பள்ளிப் பருவத்திலேயே, வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களின் கணக்கறிவைக் கடந்துவிட்ட ராமானுஜன், 1904-இல் அவ்வூர் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து, பிற பாடங்களைக் கவனிக்காததால் அந்த உதவித்தொகையையே இழந்தார். மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் அவரிடம் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரிந்திருக்கும்? "சேட்டை", "கவனமில்லை" என்று பெயர் வாங்கும் பிள்ளைகளில் சிலர், தெரிந்த பாடத்தையே திரும்பத் திரும்பக் கேட்டுச் சலித்தவர்களாகவும் இருக்கலாம்.

ஆகவே ஒரு மாதம், குழந்தை தானாகக் கேட்கும் கேள்விகளையும், தானாகப் போட்ட கணக்குகளையும், படித்து முடித்த புத்தகங்களையும் ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள். "என் பிள்ளை ரொம்பக் கெட்டிக்காரி" என்று சொல்வதைக் காட்டிலும், அந்த நோட்டை வகுப்பாசிரியரின் மேசையில் வைப்பது பலன் தரும்.

(திரையில்: அரும்பு, மொட்டு, மலர்.)

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறது. கொரோனா காலத்தில் பின்தங்கியவர்களைக் கைதூக்கிவிட வந்த திட்டம் என்பதால், வகுப்பின் நிலையை எட்டியவர்களே மலர். மலருக்கு மேல் காய் என்றோ கனி என்றோ எதுவும் இல்லை. நம் சிறுமிக்கு வேண்டியது அந்த அடுத்த படிதான்.

ஒரு வகுப்பைத் தாண்டி ஏற்றிவிடும் "டபுள் ப்ரமோஷன்" பற்றித் தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வயதுக்கேற்ற வகுப்பு என்பதே 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அணுகுமுறை. அதனால் அதை எதிர்பார்த்து நாளைக் கடத்த வேண்டாம் என்பது என் கருத்து. பத்து வயதுப் பிள்ளையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு நாள் முழுதும் உட்காரவைப்பதும் எல்லாருக்கும் ஒத்துவராது. அதற்குப் பதிலாக, பெயர் மூன்றாம் வகுப்பிலேயே இருக்க, கணக்குப் பாடவேளையில் மட்டும் ஐந்தாம் வகுப்போடு உட்கார அனுமதிக்கும்படி தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இரண்டு வகுப்புக்கு ஒரே ஆசிரியர் என்பது பொதுவாகக் குறைதான். இந்தக் குழந்தைக்கு மட்டும் அது வசதி, ஏனென்றால் அறையைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

அரசு தரும் தேர்வு வாய்ப்புகளில் பெரும்பாலானவை எட்டாம் வகுப்பில்தான் தொடங்குகின்றன. மத்திய அரசின் படிப்பு உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வை, ஆண்டு வருமானம் ₹3.5 லட்சத்துக்கு மிகாத குடும்பங்களைச் சேர்ந்த, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதலாம். மனத்திறனுக்கு 90 கேள்விகள், படிப்பறிவுக்கு 90 கேள்விகள். தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் ₹1,000. ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வும், அதற்குப் பிறகு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வும் உண்டு. இவை பணம் தருகின்றன, பாடத்தை மாற்றுவதில்லை.

பாடமும் சூழலும் மாற வேண்டுமென்றால், மேல்வகுப்புகளில் மாவட்டந்தோறும் உள்ள உறைவிட மாதிரிப் பள்ளிகளை நாடலாம். ஆறாம் வகுப்பிலேயே நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் மத்திய அரசின் நவோதயா பள்ளி, புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலில் இருக்கிறது. பக்கத்து நாகப்பட்டினத்தில் இல்லை, ஏனெனில் தமிழ்நாடு அத்திட்டத்தை ஏற்கவில்லை. அந்தக் கொள்கை சரியா தவறா என்பது வேறு விவாதம். நம் சிறுமிக்கு மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான ஐந்து ஆண்டுகளை, அவள் படிக்கும் தொடக்கப் பள்ளியும் அடுத்துச் சேரும் பள்ளியும்தான் நிரப்ப வேண்டும்.

(திரையில்: பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம்.)

அதைக் கேட்பதற்கான இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோர்களாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பூட்டிக் கிடக்கும் நூலக அலமாரியைத் திறந்து வைப்பது, மேல்வகுப்புப் பாடநூல் ஒரு பிரதி கொடுப்பது, வாரம் ஒரு பாடவேளை வேறு வகுப்பில் உட்கார அனுமதிப்பது ஆகிய மூன்றுக்கும் பெரிய செலவில்லை. வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராமல், கூட்டப் பதிவேட்டில் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். தலைமையாசிரியர் மாறுதலாகிப் போனாலும் அந்தப் பதிவேடு பள்ளியிலேயே இருக்கும்.