லிஃப்ட் நின்ற மாடியும் நிற்காத மாடியும்

நடுவர் அவர்களே, வணக்கம். ‘வானளாவிய கட்டடங்கள் நகரத்து மனிதர்களைச் சேர்த்தனவா, பிரித்தனவா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்த்தன என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார்: “லிஃப்டில் ஏறினால் எல்லாரும் மாடி எண்ணைத்தான் பார்க்கிறார்கள், பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை.” உண்மைதான் ஐயா. பேருந்தில் மட்டும் என்ன, கட்டிப்பிடித்துக்கொண்டா போகிறோம்?

அடுத்து துபாய்க்குப் போனார். புர்ஜ் கலீஃபாவில் 80ஆவது மாடிக்கு மேல் இருப்பவர்கள் ரமலான் நோன்பு திறக்க 2 நிமிடம், 150க்கு மேல் 3 நிமிடம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்று 2011இல் மார்க்க அறிஞர்கள் சொன்னார்கள். மேலே சூரியன் பிந்தித்தான் மறைகிறது. “ஒரே கூரைக்குக் கீழே மூன்று நேரமா?” என்று கேட்டார். 3 நிமிடத்தில் உடைகிற ஒற்றுமையை மாடியா உடைத்தது?

அவர் பெரிதாக நம்பியது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து புரூட் ஐகோ குடியிருப்பை. 11 மாடிகளில் 33 கட்டடங்கள். 1950களில் கட்டியதை 1972 முதல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். “பார்த்தீர்களா, உயரம் தோற்றது” என்றார். தோற்றது எது? அங்கே லிஃப்ட் மூன்று மாடிக்கு ஒரு முறைதான் நிற்கும். மற்ற மாடிக்காரர்கள் இறங்கிப் படியில் நடக்கவேண்டும். பராமரிப்புச் செலவு முழுக்க குடியிருப்போர் தரும் வாடகையிலிருந்து. ஆட்கள் குறையக் குறைய வாடகை வரவு குறைந்தது. பழுது பார்க்கக் காசில்லை.

இப்போது ஒன்று சொல்கிறேன், எதிரணியினர் குறித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய பழைய அடுக்குமாடிகளிலும் லிஃப்ட் சில மாடிகளில் மட்டும்தான் நின்றது! அதே குறை. அவர்கள் வெடி வைக்கவில்லை. 2001இல் திட்டம் போட்டு, மாடிதோறும் நிற்கும்படி மாற்றத் தொடங்கினார்கள். இன்று அந்நாட்டு மக்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் வீவக வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

அந்தக் கட்டடங்களின் காலடியைப் பாருங்கள். தரைத்தளத்தில் வீடு கட்டாமல் வெறும் தூண்களோடு விட்டுவைத்தார்கள். ‘வாய்டு டெக்’ என்பார்கள். சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசை, சுற்றி நாலு இருக்கை. போன வாரம் அங்கே மலாய்க் குடும்பத்துக் கல்யாணம், பந்தி. இந்த வாரம் அதே தூண்களுக்கு நடுவே சீனப் பெரியவர் ஒருவரின் இறுதிச் சடங்கு.

மணி அடிக்கிறீர்கள், முடித்துவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாத அந்தப் பத்தாவது மாடிக்காரர் வேலைக்குக் கிளம்புகிறார். லிஃப்ட் கதவு திறக்கிறது. வாழ்த்திவிட்டோ வணங்கிவிட்டோதானே ஐயா அவர் தெருவுக்குப் போகவேண்டியிருக்கிறது?