கதவு தட்டப்படுகிறது: முதல் காட்சியும் படத்தின் வகைமையும்

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு சிறு சூழலை உங்கள் முன்னால் வைக்கிறேன். இரவு 10 மணி. வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண் சாப்பிட உட்காருகிறாள். கதவு தட்டப்படுகிறது. இது எந்த வகைப் படம்? பேய்ப் படமாக இருக்கலாம். கொலைக் கதை, காதல் கதை, வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் படம் என எதுவாகவும் இருக்கலாம். வெளியே நிற்பவர் யார் என்பது யாருக்குத் தெரியும்? இந்தக் கேள்விக்கு நீங்கள் வைத்திருக்கும் பதில்தான் வகைமையைத் தீர்மானிக்கிறது.

தட்டுவதற்கு முன்பே, வெளியே ஒருவன் கையுறை மாட்டுவதைக் காட்டிவிட்டீர்கள் என்றால் நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அது த்ரில்லர். இருவருக்குமே தெரியாது, ஆனால் தட்டும் ஓசை கதவின் அடிப்பகுதியிலிருந்து வருகிறது என்றால் அது திகில். ஓசை கேட்டதும் அவள் விளக்கை அணைத்து மூச்சை அடக்கிக்கொள்கிறாள். அவளுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. மர்மக் கதை தொடங்கிவிட்டது. வெளியே ஓர் இளைஞன் சொல்ல வேண்டியதை நாலு விதமாகச் சொல்லிப் பார்க்கிறான், கதவு திறந்ததும் நாலையும் மறந்துவிடுகிறான் என்றால் காதல் நகைச்சுவை. வீடும் கதவும் அப்படியேதான் இருக்கின்றன.

1958-இல் ஆர்சன் வெல்ஸ் இயக்கிய 'டச் ஆஃப் ஈவில்' படத்தின் முதல் ஷாட்டை, அதாவது கேமராவை நிறுத்தாமல் எடுத்த முதல் துண்டை, ஊன்றிப் பாருங்கள். வெடிகுண்டின் கடிகாரத்தை ஒரு கை திருகுகிறது, காரின் டிக்கியில் குண்டு வைக்கப்படுகிறது, ஒரு ஜோடி அதே காரில் ஏறிக் கிளம்புகிறது. 3 நிமிடத்துக்கும் மேலாக, ஒரு கட் கூட இல்லாமல், கேமரா தெருவோடு நகர்கிறது. குண்டு இருப்பது நமக்குத் தெரிகிறது. தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாது. வெளியீட்டின்போது ஸ்டுடியோ அந்த ஷாட்டின் மேல் பெயர்ப் பட்டியலையும் ஹென்றி மான்சினியின் இசையையும் ஏற்றியது. எடிட்டிங் பற்றி வெல்ஸ் எழுதி வைத்திருந்த 58 பக்கக் குறிப்பைப் பின்பற்றி, 1998-இல் பெயர்களை நீக்கிவிட்டு, தெருவின் சத்தங்களோடு அதை மீட்டெடுத்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். எழுத்துகள் ஓடும்போது கண் காரை விட்டுவிடுகிறது, எழுத்தைப் படிக்கிறது. தொடக்கத்தில் ஒரு தகவலை நம்பிப் பதற்றத்தைக் கட்டுகிறீர்கள் என்றால், அதன் மேல் டைட்டில் கார்டு ஏற்றாதீர்கள். காட்சிக்கு முன்னால் போடுங்கள், அல்லது முடிந்தபின் போடுங்கள்.

திகில் படத்துக்கு வருவோம். அங்கே ஃப்ரேமில் விடப்படும் காலி இடம்தான் முதல் கருவி. பாத்திரத்தை ஓர் ஓரத்தில் வைத்து, மறு ஓரத்தில் இருட்டான வாசற்படியை விட்டுவிட்டால் பார்வையாளரின் கண் தானாக அங்கே போகும். ஷாட்டைத் தேவைக்கு மேல் 3 நொடி பிடித்து வையுங்கள். ஒரு சத்தத்தைச் சேர்ப்பதைவிட ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒன்றை நிறுத்துவது வலுவானது: மின்விசிறி ஓசை நின்றுபோனாலே போதும். 1975-இல் வந்த 'ஜாஸ்' படத்தின் முதல் தாக்குதலில் சுறா தெரிவதே இல்லை. நீருக்கடியிலிருந்து மேல்நோக்கிய ஒரு பார்வை, பிறகு அந்தப் பெண் இழுபடுவது, அவ்வளவுதான்.

இங்கே அடிக்கடி நேரும் தவறு, பயமுறுத்தும் இசையைக் கதவு தட்டப்படுவதற்கு முன்பே தொடங்கிவிடுவது. இசை முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் பார்வையாளர் காதைப் பொத்தத் தயாராகிவிடுவார். இன்னொரு தவறு, முதல் நிமிடத்திலேயே ஓர் அதிர்ச்சியைக் கொடுத்துவிட்டு அடுத்த 20 நிமிடம் குடும்ப அறிமுகம் நடத்துவது. அந்த 20 நிமிடமும் பார்வையாளர் அடுத்த அதிர்ச்சிக்காகவே காத்திருப்பார், குடும்பம் மனதில் பதியாது.

நகைச்சுவைக்கு முழு உடலும் தெரியும் வைட் ஷாட், சமமான வெளிச்சம், செயலைவிட அதற்கு எதிர்வினையாக வரும் முகபாவத்துக்குக் கட் செய்வது. இவை எல்லோரும் அறிந்தவை. கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. இந்தப் படத்தில் விழுந்தால் வலிக்குமா என்பதை முதல் காட்சி சொல்லியாக வேண்டும். விழுந்தவன் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டால் சிரிக்க அனுமதி கிடைத்துவிடுகிறது. நெற்றியில் ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தால் அந்த அனுமதி போய்விடும்.

அனுமதி தவறாகப் போன இடத்துக்கு மிகச் சிறந்த பாடம் பில்லி வைல்டரின் 'சன்செட் பூலவார்ட்' (1950). முதலில் அது பிணவறையில், பிணங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதாகத் தொடங்கியது. வெளியீட்டுக்கு முன் நடந்த சோதனைத் திரையிடலில் பார்வையாளர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தப் பகுதி நீக்கப்பட்டு, நீச்சல் குளத்தில் மிதக்கும் உடலும் அவனுடைய குரலும் தொடக்கமாயின. இறந்தவன் கதை சொல்கிறான் என்ற அடிப்படை இரண்டிலும் ஒன்றே. ஆனால் பல பிணங்கள் கூடி உரையாடுவது அரட்டைபோலத் தெரிகிறது; ஒற்றைக் குரல் வாக்குமூலம்போல ஒலிக்கிறது. எழுத்தில் துயரமாகத் தோன்றுவது திரையில் கேலியாக மாற இவ்வளவு சிறிய வேறுபாடு போதும்.

சில வகைமைகளில் உடையும் இடமுமே பாதி வேலையைச் செய்துவிடும். தொப்பி, துப்பாக்கி, பாலைவன ரயில் நிலையம் தெரிந்தால் வெஸ்டர்ன் (கௌபாய் படம்) என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அதனால்தான் செர்ஜியோ லியோனியால் 1968-இல் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்' படத்தை அவ்வளவு நிதானமாகத் தொடங்க முடிந்தது: மூன்று பேர் காத்திருக்கிறார்கள், காற்றாலை கிறீச்சிடுகிறது, தொப்பியில் நீர் சொட்டுகிறது, ஈ ஒன்று முகத்தில் ஊர்கிறது. அறிவியல் புனைவில் இதற்கு நேர்மாறான பொறுப்பு. அந்த உலகத்தின் ஒரே ஒரு புதிய விதியைக் காட்டி, பாத்திரங்கள் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதையும் காட்ட வேண்டும். முதல் காட்சியில் மூன்று விதிகளை விளக்கினால் பார்வையாளர் பாடம் கேட்கத் தொடங்கிவிடுவார்.

விசாரணைப் படத்துக்கு ஒரு கேள்வி போதும். எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) பாடல்களே இல்லாத படம். கதாநாயகன் தொடக்கத்திலேயே குண்டுக்குப் பலியாகிறான். சுட்டது யார் என்று கேட்காமல் யாராலும் இருக்கையில் உட்கார்ந்திருக்க முடியாது.

பாதியில் வகைமை மாறும் படங்களுக்கு ஒரு வழி உண்டு. நகைச்சுவையாகத் தொடங்கி 50-ஆவது நிமிடத்தில் திகிலாகப் போகிறீர்கள் என்றால், முதல் காட்சியில் 10 நொடிக்கு ஒரு பொருந்தாத விஷயத்தை வையுங்கள். குடும்பமே சிரித்துக்கொண்டிருக்கும் மேசையில் ஒரு தட்டு அதிகமாக இருக்கட்டும். யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது; அதன் மேல் க்ளோசப்பும் வேண்டாம்.

எடிட்டிங் மேசையில் இதைச் சோதிப்பது எளிது. படத்தின் பெயரோ போஸ்டரோ தெரியாத 5 பேருக்கு முதல் 3 நிமிடத்தை மட்டும் காட்டுங்கள். "இது என்ன வகை?" என்று கேட்காதீர்கள், உங்களை மகிழ்விக்க ஏதாவது சொல்வார்கள். "அடுத்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். பதில்கள் ஒரே திசையில் போனால் காட்சி வேலை செய்கிறது. ஆளுக்கொரு திசையில் போனால் முதலில் இசையை எடுத்துவிட்டுப் பாருங்கள், பிறகு ஷாட்களின் நீளத்தை மாற்றுங்கள், பிறகு வரிசையை. மறுபடியும் படம்பிடிப்பது கடைசி வழி. சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்தால் அந்த நொடியைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய ஷாட்டைப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.