போலீஸ் கேட்டா உங்க மெசேஜ் ஆப் எதைத் தூக்கிக் கொடுக்கும்?

வணக்கம் மக்களே! 2016-ல அமெரிக்காவுல, வெர்ஜீனியா பக்கம் இருந்து சிக்னல்ங்கற மெசேஜ் ஆப் நடத்துறவங்களுக்கு ஒரு சம்மன் போச்சு. ரெண்டு போன் நம்பரைக் கொடுத்து, இவங்க பேரு, அட்ரஸ், இமெயில், ஐபி அட்ரஸ்னு எல்லாத்தையும் எடுத்து வைங்கன்னு கேட்டாங்க. ஒரு நம்பர்ல அக்கவுண்ட்டே இல்ல. இன்னொண்ணுக்குக் கொடுத்தது ரெண்டே விஷயம்தான், அக்கவுண்ட் எப்ப ஆரம்பிச்சது, கடைசியா எப்ப சர்வரோட கனெக்ட் ஆச்சு. அதுவும் நம்ம படிக்கிற தேதியா இல்ல, 1970 ஜனவரி 1-ல இருந்து எத்தனை மில்லிசெகண்ட்னு 13 இலக்கத்துல ரெண்டு நம்பர்! அதை வாங்கிப் பாத்த வக்கீல் மூஞ்சியை நினைச்சுப் பாருங்க.

தர மாட்டோம்னு அவங்க அடம் பிடிக்கல, கைல இருந்தாத்தானே தர்றதுக்கு? இதை வெளிய சொல்லக்கூடாதுன்னு ஒரு ஆர்டர் வேற இருந்துச்சு, ஏசிஎல்யூங்கற சிவில் உரிமை அமைப்போட வக்கீல்கள் சண்டை போட்டு அதை நீக்க வச்சு, அந்த பேப்பர்களையே வெளியிட்டுட்டாங்க. எனக்கு இதுதான் செம பிடிச்ச பார்ட்.

எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன்னா அனுப்புறவரும் வாங்குறவரும் மட்டும்தான் படிக்க முடியும், நடுவுல கம்பெனியால கூட முடியாது, அவ்ளோதான், அடுத்து போவோம்.

டெலிகிராம் ஃபேன்ஸ் கோச்சுக்காதீங்க. அதுல சாதாரண சாட்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, சீக்ரெட் சாட்னு தனியா தொறந்தாத்தான் உண்டு, குரூப்புக்கு அதுவும் இல்ல. புதுப்படம் தேடுறதுக்கு மட்டும் வச்சிருக்கவங்க, உங்களை நான் பாக்கவே இல்ல.

வாட்ஸ்அப்? 2016-ல இருந்து சிக்னலோட அதே புரோட்டோகால்தான், அதாவது அதே பூட்டுற முறைதான் அதுலயும் ஓடுது, மெசேஜ் பூட்டு நல்ல பூட்டுதான். ஆனா யாரு யாரோட, எப்ப பேசுனாங்கங்கற விவரம் வாட்ஸ்அப்போட ஓனர் கம்பெனியான மெட்டா பக்கம் தெரிய வாய்ப்பு இருக்கு. அதான் ரகசியமா பேசணும்னா என் ஓட்டு சிக்னலுக்கு. 2024-ல யூசர்நேமும் வந்துருச்சு, புதுசா பேசுறவங்களுக்கு நம்பர் காட்ட வேண்டியதில்ல, ஆனா அக்கவுண்ட் ஆரம்பிக்க நம்பர் வேணும், அது ஒரு கடுப்பு.

அம்மா, சித்தப்பா, அபார்ட்மெண்ட் குரூப் எல்லாம் வாட்ஸ்அப்லதான், யாரும் மாறப் போறதில்ல, தெரியும். அப்போ இதை மட்டும் இப்பவே பண்ணுங்க: செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் போய் என்க்ரிப்டட் பேக்கப் ஆன் பண்ணுங்க. இல்லேன்னா கூகுள் டிரைவ்லயோ ஐகிளவுட்லயோ போய் உக்கார்ற காப்பிக்கு அந்தப் பூட்டு இல்ல. பாஸ்வேர்டை மறந்துட்டு வாட்ஸ்அப்காரங்ககிட்ட கேட்டா அவங்களாலயும் தொறக்க முடியாது, அதனால பேப்பர்ல எழுதி பீரோவுல வைங்க. ஆன் பண்ணவங்க கமெண்ட்ல ஒரு பூட்டு எமோஜி போடுங்க, பாஸ்வேர்டை போட்டுறாதீங்க சாமி!