புற்று மண்ணாகவே இருக்கட்டும்

(எங்கள் சனசமூக நிலைய ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வந்து எங்களைப் பெருமைப்படுத்தியிருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையிலிருந்து மழையையும் பாராமல் வந்திருக்கும் பேராசிரியை அவர்களே, நாகதம்பிரான் கோயில் பரிபாலன சபைப் பெரியோர்களே, இந்த மண்டபத்துக்கு மின்விசிறிகள் அன்பளிப்புச் செய்த கனடா வாழ் ஊரவர்களின் சார்பில் அமர்ந்திருக்கும் ஐயா அவர்களே, எனக்கு எழுத்தறிவித்த ஆசிரியப் பெருந்தகைகளே, தாய்மாரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

பேராசிரியை அவர்களுக்கு இன்னொரு வணக்கம் தனியாகச் சொல்ல வேண்டும். பட்டிமன்றத்துக்கும் இசைக் கச்சேரிக்கும் மேடை கொடுத்த எங்கள் ஊர், இரவில் கைவிளக்குடன் வயல் வரம்பில் பாம்பு தேடி நடக்கும் ஓர் ஆய்வாளரை மேடைக்கு அழைத்தது இதுவே முதல் முறை. நீண்ட போர்க்காலத்தில் இந்தப் பக்கம் கள ஆய்வென்று காலெடுத்து வைக்க யாராலும் இயலவில்லை. அந்தக் குறையை இன்றைய மாணவர்கள்தான் தீர்த்து வருகிறார்கள்.

நான் மூன்று விடயங்களைப் பேச எண்ணி வந்தேன். ஒன்று, பாம்புகள். இரண்டு, எங்கள் கரைக்கு முட்டையிட வரும் கடலாமைகள். மூன்று, உடும்பும் நட்சத்திர ஆமையும், அவற்றைக் காக்கும் சட்டமும். ஆனால் இன்று முதலாவதான பாம்புகளைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது போல என்று ஒரு பழமொழி இருக்கிறது. அடுத்தவன் உழைப்பில் குந்தியிருப்பவனைத் திட்டுவதற்கு அதைச் சொல்கிறோம். நான் அதை வேறு விதமாகக் கேட்கிறேன். பாம்புக்குக் கையில்லை, காலில்லை. மண்ணை அகழ்ந்து வீடு கட்ட எங்கள் நாகபாம்பால் முடியாது. கறையான் கட்டியதும் எலி தோண்டியதும்தான் அதற்கு வீடு. வெளியே வைகாசி வெயில் கொதிக்கும்போதும் புற்றுக்குள் குளிர்ச்சியும் ஈரப்பதமும் நிலைத்திருக்கும். முட்டை காய்ந்துபோகாமல் பொரிக்க அந்த ஈரம் வேண்டும். நாகபாம்பு முட்டையிட்டுவிட்டு அருகிலேயே இருந்து காவல் காக்கிறது. உடும்பும் புற்றைத் துளைத்து முட்டையிடுகிறது. அரணைக்கும் தவளைக்கும்கூட அங்கே இடமுண்டு. ஒரு புற்றை இடித்தால் ஒரு குடியிருப்பையே இடிக்கிறோம்.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். அப்போது எனக்குப் பதினொரு வயது. சின்னம்மாவின் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு வீட்டில் பலகாரச் சூடு. முற்றத்தில் கிடுகுக் கொட்டில் போட்டு, நடுவில் பெற்றோல்மக்ஸ் விளக்குத் தூக்கி, ஊர்ப் பெண்கள் எல்லோரும் வட்டமாக இருக்கிறார்கள். ஒரு பக்கம் முறுக்குப் பிழிகிறார்கள், ஒரு பக்கம் பயற்றம் பணியார மா உருட்டிச் சுளகில் அடுக்குகிறார்கள். பெரியம்மா எண்ணெய்த் தாச்சிக்கு முன்னால், கையில் எண்ணெய் வடியும் அகப்பையோடு. யாரோ ஒரு கல்யாணப் பாட்டைத் தொடங்கியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கூரையிலிருந்து ஒன்று விழுந்தது. தரையில் விழுந்திருந்தால் பரவாயில்லை. பணியார உருண்டை அடுக்கிய சுளகின் நடுவே விழுந்தது.

கபில நிறம், வெள்ளை வளையங்கள், ஒரு முழ நீளம். பாட்டு நின்றது. சுளகு பறந்தது. ஆச்சி ஒருவரைத் தவிர அத்தனை பேரும் வேலிக்கு வெளியே நின்றார்கள். "எட்டடி விரியன்!" என்று கத்தியவன் நான்தான். கடித்தால் எட்டடி வைப்பதற்குள் சாவு என்று கேட்டு வளர்ந்த பிள்ளை வேறெதைக் கத்துவான்? மாமா அலவாங்கோடு வந்தார், அயல் வீட்டு அண்ணன் உலக்கையோடு வந்தார், இன்னொருவர் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வந்தார். இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அன்று உருட்டிய மா முழுவதும் கிடங்கில் புதைக்கப்பட்டது.

மறுநாள் காலை, ஒழுங்கை முனையில் குடியிருந்த விஞ்ஞான ஆசிரியர் கேள்விப்பட்டு வந்தார். செத்ததை வாழையிலையில் கிடத்தினார். பூதக்கண்ணாடியை என் கையில் தந்து முதுகைப் பார்க்கச் சொன்னார். விரியன் என்றால் முதுகின் நடுவே ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருக்கும், வளையங்கள் வால் பக்கம் தெளிவாக இருக்கும், தலைப்பக்கம் மங்கியிருக்கும். இதற்கு முதுகுச் செதில் எல்லாம் ஒரே அளவு. வளையங்கள் கழுத்தில் பளிச்சென்று தொடங்கி வாலை நோக்கி மங்கின. "தம்பி, இது ஓநாய்ப் பாம்பு. மனிதரைக் கொல்லும் நஞ்சு இதற்கில்லை. கிடுகில் பல்லி பிடிக்க வந்திருக்கிறது," என்றார். ஆச்சி அந்த வாழையிலையைப் பார்த்தபடியே சொன்னார்: "கல்யாண வீட்டுக்கு வந்ததை வெறும் வயிற்றோடு அனுப்பிவிட்டீர்களே."

அறுபதை நெருங்கும் வயதிலும் அந்தச் சொல் என் காதில் இருக்கிறது.

பிரதேச சபைத் தவிசாளர் அவர்கள் இப்போதுதான் வந்து அமர்ந்திருக்கிறார். அவருடைய வேலைப் பளுவை நாங்கள் அறிவோம். ஐயா, வருக, வணக்கம். தங்களிடமும் ஒரு விண்ணப்பம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

பாம்பால் வரும் துயரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 2012, 2013ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் 44,000க்கும் மேற்பட்ட வீடுகளில் ஆய்வாளர்கள் நேரில் கேட்டறிந்தார்கள். ஓராண்டில் ஏறக்குறைய 80,000 பேர் கடிபடுகிறார்கள், 30,000 பேருக்கு நஞ்சு ஏறுகிறது, 400க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்று அந்தக் கணக்கு சொன்னது. முதல் இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கடிபட்டவர்களில் பாதிக்கும் மேலானோருக்கு நஞ்சே ஏறவில்லை. மந்திரித்தவரின் பெயர் எப்படி நிலைக்கிறது என்பது இதில் விளங்கும். பரம்பரை விஷகடி வைத்தியர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அவர்களைப் போலப் பாம்பின் பெயரும் பழக்கமும் அறிந்தவர்கள் குறைவு. ஆனாலும் கடிபட்டவரை முதலில் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். கீறக் கூடாது, இறுகக் கட்டக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. மோதிரம், காப்பைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் ஏற்றிக்கொண்டு போங்கள்.

எங்கள் மணற்பாங்கான கரையோரத்துக்கென்றே ஒன்று இருக்கிறது, சுருட்டைப் பாம்பு. கல்லுக்கடியில் கிடக்கும். உடலை உடலோடு உரசி, சாணையில் கத்தி தீட்டுவது போல ஒலி எழுப்பும். அது கடித்தால் இரத்தம் உறையாமல் போகலாம். வைத்தியசாலையில் சுத்தமான கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பது அதற்காகத்தான். எட்டடி விரியனோ இரவில், தரையில் பாய் விரித்துப் படுத்தவரைத் தேடி வந்தது போலக் கடிக்கும். வலியே இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி, பிறகு இமை தூக்க முடியாது. கட்டிலில் படுத்து நுளம்பு வலையைப் பாயின் கீழ்ச் சொருகினால் பெரும்பகுதி ஆபத்து நீங்கும். நேபாளத்துத் தாழ்நிலக் கிராமங்களில் செய்த ஆய்வும் இதையே காட்டியது.

நஞ்சு முறி மருந்து எங்கிருந்து வருகிறது? இந்தியாவிலிருந்து. தமிழ்நாட்டில் 1978இல் இருளர் மக்கள் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, பிறகு உயிரோடு விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி மருந்து செய்கிறார்கள். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்களின் அறிவு இன்று உயிர் காக்கிறது. அந்த மருந்தே சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தரும் என்பதால், ஓநாய்ப் பாம்பு கடித்தவருக்கு விரியன் என்று நினைத்து அதை ஏற்றுவதும் ஆபத்து. என் விஞ்ஞான ஆசிரியரின் பூதக்கண்ணாடிக்கு இவ்வளவு பெறுமதி.

இனி எலி. 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் எங்கள் மாவட்டத்தில் உயிர்களைக் கொண்டுபோனது. சாரையைக் காப்பாற்றினால் எலிக்காய்ச்சல் வராது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குத் தடுப்பு மாத்திரையும் சுத்தமும் வேண்டும். ஆனால் பூனை நுழைய முடியாத வளைக்குள் நுழைந்து எலிக்குஞ்சுகளையும் சேர்த்து உண்கிறது பாம்பு. வயலில் சாரையை அடித்துவிட்டு வீட்டில் எலிப்பாசாணம் வாங்கி வைக்கிறோம்.

இப்போது என் நெஞ்சில் கிடப்பதைச் சொல்கிறேன். நயினாதீவுக் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். நாகம் ஒன்று அம்மனுக்குப் பூவெடுத்துக் கடலில் நீந்தி வருகிறது, கருடன் மறிக்கிறது, வழியில் வந்த மாநாய்க்கன் என்ற வணிகன் தன் செல்வத்தை அம்மனுக்கே அர்ப்பணிக்க இசைந்து நாகத்தை விடுவிக்கிறான். பாம்பு சுற்றிய கல்லும் கருடன் கல்லும் இன்றும் கடலில் நிற்கின்றன. அவன் கொடுத்த பொருள் பாம்புக்கு வழி திறந்தது. நாங்கள் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் அன்போடு அனுப்பும் பொருள் பாம்பின் வழியை அடைக்கிறது. ஒரு கோயிலைக் கண்ணால் கண்டேன், பெயர் வேண்டாம். இரண்டு ஆள் உயரப் புற்றைத் தரைமட்டமாக்கி, அதே இடத்தில் சீமெந்தால் புற்றுச் செய்து, அதற்கு மஞ்சள் பூசி, ஐந்து தலை நாகம் வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் மாபிள் பதித்திருக்கிறார்கள். அங்கப்பிரதட்சணம் செய்த வெண்மணல் வீதி எங்கே என்று கேட்டேன். மழைக்குச் சேறாகிறது என்றார்கள்.

கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகும். சீமெந்தில் கறையான் புற்றெடுக்காது. கறையான் இல்லையென்றால் நாகதம்பிரானுக்கு வீடு ஏது? உள்ளே இருப்பவரை வெளியேற்றிவிட்டு வாசலில் பால் வைக்கிறோம். அந்தப் பாலும் அதற்கு உணவல்ல.

எங்கள் கோயிலிலும் திருப்பணிக்கு நிதி சேர்ந்திருக்கிறது. மூலஸ்தானத்தைப் புதுக்குங்கள், கோபுரம் எழுப்புங்கள், என் பங்கும் உண்டு. வடமேற்கு மூலையில் புற்றும் நாவல் மரமும் நிற்கும் இரண்டு பரப்பு நிலத்தை மட்டும் மண்ணாகவே விடுங்கள். மதில் எழுப்பினால் அடியில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தவிசாளர் ஐயா அவர்களே, தங்களிடம் சொன்ன விண்ணப்பம் இதுதான்: அந்த மூலையை ஒட்டிய ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போடும் திட்டத்தில் ஓரத்து வடலிகளை வெட்டாமல் விட வேண்டும்.

தைப்பொங்கலுக்குப் பிறகு வேலை தொடங்கும் என்று ஒப்பந்தக்காரர் சொல்லியிருக்கிறார். பரிபாலன சபைக்கு எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது, பக்கத்தில் பேனாவும் வைத்திருக்கிறோம். போகும்போது கையொப்பம் இட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.