நுரைச்சோலைச் சாம்பலும் மேற்குச் சுவரும்

நேயர்களுக்கு வணக்கம். சித்திரை மாதம், இரவு பத்து மணிக்கு வீட்டின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இன்னும் சுடும். பகல் முழுக்கக் குடித்த வெயிலைச் சீமெந்துக்கல் இரவில்தான் அறைக்குள் விடுகிறது. ஃபானைப் போட்டாலும் அந்தச் சூட்டுக் காற்றுத்தான் சுழலும். அப்புறம் ஏசி, அப்புறம் கரண்ட் பில்.

இதற்கு மாற்றாக ஒரு கல் இருக்கிறது: காற்றூட்டிய கொங்கிறீட். 1920களில் சுவீடன் கட்டடக் கலைஞர் யொஹான் அக்செல் எரிக்சன் உருவாக்கியது. செய்முறை நம் குசினிக்குத் தெரிந்ததுதான். அப்ப மாவுக்குக் கள்ளு விட்டால் பொங்கிக் கண் கண்ணாக வருமல்லவா? இங்கே கள்ளுக்குப் பதில் அலுமினியத் தூள். நூறு கிலோக் கலவைக்கு நூறு கிராமும் வராது. சுண்ணாம்பும் சீமெந்தும் மணலும் சேர்ந்த கூழில் அது பட்டதும் ஐதரசன் கிளம்பும், கூழ் பொங்கும். சற்று இறுகியதும் கம்பியால் துண்டு போட்டு, மூடிய இரும்பு உருளைக்குள் 180 பாகைக்கு மேற்பட்ட நீராவியில், அழுத்தத்தோடு, பத்து மணித்தியாலம் போல அவிப்பார்கள். அப்பத்தில் தொடங்கிப் பிட்டில் முடிகிற கதை.

கூழில் மணலுக்குப் பதிலாக நிலக்கரிச் சாம்பல் போடலாம், பாதிக்கு மேலும் போடலாம். புத்தளம் மாவட்டத்தில் 900 மெகாவாட் அனல் மின்நிலையம் இருக்கிறது. அதன் சாம்பலில் ஒரு பகுதி இப்போதே சீமெந்துக்குப் போகிறது. மணல்மேடுகளைக் கரைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இது நல்ல வழி. மின்நிலையம் இருக்கும் ஊரின் பெயரும் நுரைச்சோலை!

எங்கள் வீட்டில் ஓர் அறை சேர்த்துக் கட்டியபோது மேற்குச் சுவருக்கு மட்டும் இந்தக் கல்லை எடுத்தேன். இரண்டடி நீளக் கல்லை மேசன் ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். ஏழு கிலோ இருக்கும். அதே அளவில் சாதாரணக் கல் 25 கிலோ வரும். கைவாளால் அரிந்தார், தூளாகக் கொட்டியது. "சேர், இது கல்லோ, பாணோ?" என்றார். வெட்டிய துண்டொன்றைக் கிணற்றடித் தொட்டியில் போட்டேன். மிதந்தது. கல்லின் கண்களில் அடைபட்ட காற்றுத்தான் வெயிலையும் தடுக்கிறது. சாதாரணக் கொங்கிறீட் கடத்தும் வெப்பத்தில் இது ஆறில் ஒரு பங்குகூடக் கடத்தாது.

குறையும் இருக்கிறது. தண்ணீரை உறிஞ்சும், அதனால் பூச்சு ஒழுங்காக இருக்க வேண்டும், அத்திவாரத்துக்கு ஆகாது. மாடி கட்டுவதென்றால் தூணும் பீமும்தான் பாரம் தாங்கும். கூரையைக் கவனிக்காமல் சுவரை மட்டும் மாற்றுவதில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. உச்சி வெயில் தலைக்கு மேலாலல்லவா இறங்குகிறது!

வீட்டில் இருந்த முறைப்பாடு வேறு. முருகன் படத்துக்கு அடித்த ஆணி இரண்டாம் நாளே கழன்று விழுந்துவிட்டது. துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக் செருகி, அதில் ஸ்குரூ முடுக்கிய பிறகுதான் முருகன் நிலைத்து நின்றார்.